ராய்ஸ் சௌக்கியம்

1

இன்று காலைத் தபாலில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் அட்டை வந்தது. பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு வருகிற தபால்காரர், வெளிதேசத்து ஸ்டாம்பு என்றால் மாடிப்படி ஏறும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வருவார். அட்டை என் கைக்கு வருவதற்குள் மூன்று மாடிக்கும் சேதி பரவிவிட்டது.

என் பிள்ளை சீனுதான் அதைப் பிடுங்கிப் படித்தான். ஆறு வயது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பான், ஹிந்தியில் சண்டை போடுவான், மராத்தியில் எண்ணுவான். தமிழ்ப் புஸ்தகத்தை எடுத்தால் மட்டும் அவனுக்குத் தலைவலி வந்துவிடும்.

அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: "தோற்றேன். மாட்டுங்கா கதையை ஒருவரும் நம்பவில்லை. ராய்ஸ் சௌக்கியம். கார்மடி."

"அம்மா, ராய்ஸ் கோன் ஹை?"

"தமிழ்ல கேளு."

"ராய்ஸ் யாரு?"

"சாதம் போட்டிருக்கேன். சாப்பிட வா, சொல்றேன்."

"சாதம் வேண்டாம். பாவ் குடு."

பாவ் என்றால் இந்த ஊர் ரொட்டி. எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் பம்பாய்க்குக் குடிவந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கப்பல் ஏறாவிட்டாலும் எனக்கு இது பரதேசம்தான். பாலக்காட்டுப் பக்கம் என் சொந்தக்காரர்கள், "ஜானகி பம்பாயில் ஒரு துரைக்கு எழுதிக் கொடுத்தாளாம், அந்தத் துரை ராஜாவாம், அவளுக்கு அரிசி மூட்டை அனுப்புகிறாராம்" என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. ராஜாவும் இல்லை, மூட்டையும் இல்லை. உள்ளதை நானே சொல்லிவிடுகிறேன்.

2

அப்போது யுத்தம். அரிசிக்கு ரேஷன். ரேஷன் கடையில் போட்டது பாதி கல், பாதி நொய், மீதிதான் அரிசி. அதுவும் வாரத்தில் பாதி நாளைக்குக் காணாது. பாக்கி நாளுக்குக் கோதுமையும் ஜோவார் என்கிற சோளமும் வாங்கிக்கொள் என்றார்கள். எங்கள் கட்டடத்துப் பெண்களில் ஒருத்திக்கும் சப்பாத்தி இடத் தெரியாது. நான் இட்டதில் இலங்கை, பர்மா எல்லாம் தெரிகிறது என்பார் என் கணவர் ராமநாதன். அவர் ரயில்வே குமாஸ்தா. பூகோளத்தில் கெட்டிக்காரர்.

சீனு அப்போது கைக்குழந்தை. ஆறாம் மாதம் சோறூட்ட வேண்டும். குழந்தையின் வாயில் வைக்கிற முதல் அன்னம் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டாமா? மூட்டை கேட்கவில்லை, படி கேட்கவில்லை. நல்ல அரிசி ஒரே ஒரு பிடி. அதுதான் என் பிடிவாதம்.

"கோதுமை ரவையைக் குழைச்சு ஊட்டினாப் போறது. அவனுக்கென்ன தெரியப்போறது?" என்றார் ராமநாதன்.

"அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ரேஷன் ஆபீசுக்குப் போய் விசேஷத்துக்கு அரிசி கேட்டேன். குமாஸ்தா தலை நிமிராமல், "ஷாதி?" என்றான். கல்யாணம் இல்லை என்றேன். "மௌத்?" என்றான். சாவும் இல்லை, குழந்தைக்குச் சோறூட்டு என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டான். கல்யாணமும் இல்லை, சாவும் இல்லையென்றால் நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டான். அந்த ஆபீஸில் மனுஷனுக்கு இரண்டே கட்டம்தான்.

கள்ள மார்க்கெட்டில் நல்ல அரிசி கிடைத்தது. அதற்கு என் கணவரின் நேர்மை இடம் கொடுக்கவில்லை. நேர்மை இடம் கொடுத்திருந்தாலும் பை இடம் கொடுத்திருக்காது.

நான் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்தவள். யுத்தத்தில் ஆம்பிளைகள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் ஆபீஸ்களில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. டைப் சொல்லிக் கொடுத்த வாத்தியார் சொல்லியனுப்பினார். துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து கோதுமை ஏற்றி வரும் கப்பல்களைக் கவனிக்கிற ஆபீஸ். அங்கே இருக்கும் ஒரு துரைக்குத் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி எழுதவைக்க ஆள் வேண்டுமாம். காலை வேளை மட்டும் வேலை. கீழ் வீட்டுக் கோமதி மாமி குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மாட்டுங்கா ஸ்டேஷனில் லேடீஸ் டப்பாவில் ஏறிவிட்டேன்.

எந்தக் கோதுமையால் என் அடுப்பங்கரையில் இலங்கையும் பர்மாவும் உண்டாயிற்றோ, அந்தக் கோதுமையைக் கொண்டுவந்த ஆளிடமே வேலை. முதல் நாளே சண்டை போட்டிருக்க வேண்டியது.

3

கார்மடி துரை நெட்டையான ஆள். முகம் செங்கல் சிவப்பு. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, மேஜையைச் சுற்றி நடந்துகொண்டேதான் பேசுவார். ஆஸ்திரேலியாவில் உள்நாட்டில் குர்ராபின் என்று ஒரு தொகுதி. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் அதைக் குரங்குப்பின் ஆக்கிவிட்டார்கள். அந்தத் தொகுதிக்கு அவர் மாகாணச் சட்டசபையில் மூன்று முறை அங்கத்தினராக இருந்து, நாலாவது முறை தோற்றவர். யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பி மறுபடி நிற்க வேண்டும். அதற்கு முன் தன் கதையைப் புஸ்தகமாக அச்சடித்து வாக்காளர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவனுக்கு எழுத நேரம் இருக்காது, தோற்றவனுக்கு வேறு வேலை இருக்காது என்றார்.

சுருக்கெழுத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதில் எழுத்துக் கூட்டல் கிடையாது. காதில் விழுகிற ஒலிதான் கோடாகவும் புள்ளியாகவும் தாளில் இறங்கும். "காது கேட்டதைக் கை எழுதணும், மூளை நடுவுல வரப்படாது" என்பார் வாத்தியார். நானும் மூளையை நடுவில் வரவிட்டதே இல்லை.

ஆனால் அந்த மனிதரின் நாக்கு இருக்கிறதே! ஸண்டே அவர் வாயில் சண்டை. மண்டே, மண்டை. சண்டையன்று கூட்டத்தில் பேசினேன், மண்டையன்று ஓட்டு எண்ணினார்கள் என்று சொல்வார். ஏறக்குறைய எல்லா ஊர்த் தேர்தலும் அப்படித்தானே என்று நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனேன்.

முதல் பக்கத்தை டைப் அடித்துக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், இருமல் வந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. 'சொற்ப ஓட்டில் ரேஸில் ஜெயித்தேன்' என்று அவர் சொன்னதை, 'சொற்ப ஓட்டில் ரைஸ் ஜெயித்தேன்' என்று அடித்திருந்தேன். அவர் ரேஸைச் சொன்னால் ரைஸ் என்றுதான் விழுகிறது. அந்த ஊரில் ஜெயித்தவனுக்கு அரிசி கொடுப்பார்கள் போலிருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துவிட்டேன். அரிசி ஞாபகமாகவே இருந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

"ரேஸ், அம்மா, ஓட்டப்பந்தயம். தேர்தலை அப்படித்தான் சொல்வோம்" என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன். இந்தத் துரை ரைஸ் என்றால் அது ரேஸ். அரிசிப் பேச்சே இந்த ஆபீஸில் கிடையாது. மீதியை எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாகப் படித்துக்கொள்வதாக அவரும் சொல்லிவிட்டார்.

அவர் கதை எனக்குப் பிடித்திருந்தது. தகப்பனார் குடியேறியது மழை பெய்யாத காடு. பயிரில் பாதியை முயல் தின்னும், மீதி காயும். பையன் படிப்பை விட்டுத் தண்ணீர் வண்டி ஓட்டினான். தண்ணீர் கொண்டு வருகிறவனிடம் எந்த வீட்டிலும் வாயைத் திறந்து குறை சொல்வார்களாம். அப்படித் தொகுதியின் குறை முழுக்க அவருக்கு மனப்பாடம். ஓடைப் பாலம் உடைந்து கிடக்கிறதென்று ஊர்ச் சபையில் போய்க் கத்தினார். அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து உட்கார் என்றார்கள். உட்கார்ந்தார், பாலம் கட்டினார். முதல் வெள்ளத்திலேயே பாலம் போய்விட்டது. ஆனால் வெள்ளத்தில் இறங்கி ஜனங்களை அவரே கரை சேர்த்ததால், பாலம் போனாலும் பெயர் நின்றுவிட்டது. பிறகு சட்டசபை. அங்கே அவருடைய முதல் பேச்சு முயலைப் பற்றி. எதிர்க்கட்சிக்காரர்கள் தூங்கிவிட்டார்களாம்.

ஓட்டுக் கேட்கும் வித்தையையும் சொன்னார். வாக்காளரின் பெண்டாட்டி பெயரை மறந்தால் மன்னிப்பார்கள், நாயின் பெயரை மறந்தால் தொலைந்தோம் என்றார்.

4

மூன்றாவது தேர்தல் முடிந்த கதை வரும்போதுதான் ராய்ஸ் வந்தார்.

"குர்ராபினுக்கு ராய்ஸைக் கொண்டுவந்தது நான். யாருக்கும் ராய்ஸ் வேண்டியிருக்கவில்லை. ராய்ஸ் குடித்தே நம் தண்ணீரெல்லாம் தீர்ந்துவிடும் என்று கோதுமைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்."

யாரோ வெளியூர்க்காரர், நல்ல தாகசாந்தி ஆசாமி போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். மிஸ்டர் ராய்ஸ் என்று மரியாதையாகவே டைப் அடித்தேன். ஐக்கா என்றும் ஒரு பெயர் அடிக்கடி வந்தது. 'டூ ஐக்கா' என்பார். ஐக்காவுக்கு என்றுதானே அர்த்தம்? ராய்ஸின் பெண்டாட்டி என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் துரை நடந்துகொண்டே சொன்னார்: "ஐந்து மாதம் தண்ணீரில் நிறுத்தி வைத்தோம்."

என் பென்சில் நின்றுவிட்டது. "கழுத்து வரைக்குமா, சார்?"

"சேச்சே, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. அதிகமானால் முழுகிச் சாவுதான். அப்புறம் வாத்துகள் வந்து கொத்த ஆரம்பித்தன. துப்பாக்கியால் சுட்டோம்."

"அவரையா?"

"வாத்துகளை!"

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு அடுத்த நாள் வரைக்கும்தான். அன்றைக்குத் துரையின் முகத்தில் தீபாவளி. "தண்ணீரை வடித்தோம். வெட்டினோம். அடித்தோம். மூட்டையில் கட்டித் தைத்தோம். ஊரே வேலி ஓரம் நின்று கைதட்டியது!" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஏன்னா, எங்க துரை ஒரு மனுஷனைக் கொன்னிருக்கார்" என்றேன்.

ராமநாதன் பர்மாவைப் பிய்த்துக் குழம்பில் நனைத்துக்கொண்டிருந்தார். "யாரை?"

"ராய்ஸ்னு ஒருத்தர். தண்ணில நிக்க வெச்சு, வெட்டி, அடிச்சு, மூட்டை கட்டிட்டா. ஐக்கான்னு ஒரு பொண்டாட்டி வேற இருக்கா, பாவம்."

"வெட்டினப்புறம் எதுக்கு அடிச்சா?"

"அதான் எனக்கும் புரியலை."

அவர் அடுத்த துண்டைப் பிய்த்தார். "சம்பளம் தேதிக்கு வரதோன்னோ?" என்றார்.

5

துரையின் மேஜைமேல் உருண்டையாக ஒரு தகர டப்பா இருக்கும். மூடியைச் சுற்றி அரக்கு வைத்திருந்தது. பேச்சு சூடு பிடித்தால் அதைக் கையில் எடுத்து ஆட்டுவார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். ஒரு நாள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"முதல் ராய்ஸில் எனக்கு மிச்சம் இதுதான். ஊருக்குப் போய் மேடையில் எல்லாருக்கும் முன்னால் திறந்து காட்டப் போகிறேன்."

அஸ்தி! கலகலவென்று சத்தம் போடுவது வேறென்ன? கங்கையில் கரைக்க வேண்டியதை மேஜைமேல் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே பிஸ்கட்டும் தின்கிறார்.

அன்றிலிருந்து வீடு திரும்பியதும் எனக்குத் தலைமுழுக்கு. எங்கள் கட்டடத்துக் குழாயில் தண்ணீர் காலையில்தான் வரும். பிடித்துவைத்த பக்கெட்டை நான் தினமும் காலி செய்தால் ராமநாதனுக்குப் பொறுக்குமா? அவராவது முணுமுணுப்போடு விட்டார். ஈரத் தலையோடு குழந்தையை வாங்கப் போன என்னைக் கோமதி மாமி பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி ஜானு, உங்காத்துல தெனம் தெனம் யாருடி போயிண்டிருக்கா?"

ஆபீஸில் பியூன் சுடலைமுத்து தாராவியிலிருந்து வருகிறவர். திருநெல்வேலிக்காரர். அவரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"சுடலைமுத்து, நம்ம துரை எப்படிப்பட்டவர்?"

"தங்கமான மனுசன்லா. எம் மவளுக்குச் சொகமில்லன்னதும் டாக்டரயே வீட்டுக்கு அனுப்பி வச்சாவ. ஏம்மா கேக்கிய?"

"அந்த டப்பாவுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெறக்கப்பிடாதுன்னு சொல்லிருக்காவ. தூசிதான் தொடைப்பேன்."

"ஒரு மனுஷனோட எலும்பு."

சுடலைமுத்து கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார். "எம்மா! இத மொதல்லயே சொல்லப்பிடாதா? இம்புட்டு நாளும் மடியில வச்சுல்லா தொடச்சிருக்கேன்!"

பிறகு துணியை எடுத்து உதறிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிறாற்போல், "ஆனாலும் கொன்னவன் இப்பிடி மனசு விட்டுச் சிரிக்க மாட்டாம்மா" என்றார். என் மனசிலும் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

6

சோறூட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது. அரிசி கிடைத்தபாடில்லை. நாசிக்கில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் அனுப்புகிறேன் என்றவர் கையை விரித்துவிட்டார். ராமநாதன் கோதுமை ரவையைச் சலித்தே வைத்துவிட்டார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எல்லார்மேலும் பட்டேன். அந்தக் கோபத்தில்தான் தைரியம் வந்தது. என் பிள்ளைக்கு நல்லது செய்ய முடியவில்லை, அந்த ராய்ஸுக்காவது ஒரு வழி பிறக்கட்டும் என்று துரையின் எதிரே போய் நின்றேன்.

"சார், டப்பாவில் இருக்கிறதை இப்படி வைத்துக்கொண்டிருப்பது நல்லதில்லை."

"ஏன்?"

"தண்ணீரில் விட வேண்டும். எங்கள் வழக்கம் அது. நாசிக்கிலாவது, இல்லாவிட்டால் சௌபாத்திக் கடலிலாவது."

"தண்ணீரில் விட்டால் முளைக்கும் என்று நினைக்கிறாயா?" என்று துரை சோகமாகச் சிரித்தார். "இனிமேல் முளைக்காது, அம்மா. தோலை உரித்தாயிற்றே."

"தோலையும் உரித்தீர்களா!"

நான் போட்ட கூச்சலில் சுடலைமுத்து உள்ளே ஓடி வந்துவிட்டார். துரை எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் பேனாக்கத்தியை எடுத்து அரக்கைச் சுரண்டி, டப்பாவைத் திறந்து, மேஜைமேல் இருந்த ஒற்றுத்தாளில் கவிழ்த்தார்.

வெள்ளை வெளேரென்று, குட்டையாக, கல்லில்லாமல், நொய்யில்லாமல் கொட்டியது.

"அரிசிம்மா!" என்றார் சுடலைமுத்து.

அவர் நாக்கில் ரேஸ் ரைஸானால், ரைஸ் என்னவாகும்? ராய்ஸாகும். இதற்கு மூளையை நடுவில் கொஞ்சம் விட்டிருந்தால் போதும். ஐந்து மாதம் தண்ணீரில் நின்றது நெல். வெட்டினது அறுவடை, அடித்தது கதிர். அந்த ஐக்காவும் பெண்டாட்டி இல்லை, ஏக்கராம். ராய்ஸும் இல்லை, கொலையும் இல்லை. தினமும் ஒரு பிடி அரிசிக்கு எதிரில் உட்கார்ந்து எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய் அதற்குத் தலைமுழுகியிருக்கிறேன்!

சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன். ரேஷன் கியூவில் நின்ற நாளெல்லாம் வராத அழுகை, அந்த ஒற்றுத்தாளைப் பார்த்ததும் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: கொலை, தலைமுழுக்கு, ரேஷன் குமாஸ்தாவின் இரண்டு கட்டம், சீனுவின் சோறூட்டு, எல்லாம்.

கொலைக் கதைக்குத் துரை மேஜையில் அடித்துச் சிரித்தார். சோறூட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"குழந்தைக்கு முதன்முதலில் கொடுப்பது இதையா?"

"இதைத்தான்."

"எல்லாருக்குமா?"

"எங்களில் எல்லாருக்கும்."

அப்போதுதான் நாலாவது தேர்தலில் தோற்ற கதையைச் சொன்னார். அதுவரை அதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவருடைய ஊரில் அரிசியை எப்போதாவது ஒரு சண்டையன்று பாலும் சர்க்கரையும் போட்டு வேகவைத்துத் தின்பார்களாம். "அட, பாயசம்" என்றேன் நான். அவ்வளவுதான் அரிசிக்கு அங்கே மரியாதை. எதிர்த்து நின்றவன் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கிண்ணம் அரிசியைத் தூக்கிக் காட்டினானாம். நம் ஆற்றுத் தண்ணீரையெல்லாம் கொட்டி கார்மடி இதை வளர்க்கிறாரே, இது வேண்டுமென்று ஏங்குகிறவன் ஒருத்தனைக் காட்டட்டும் என்றானாம். உலகத்தில் பாதிப் பேருக்கு இதுதான் உணவு என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதி உலகத்துக்குக் குர்ராபினில் ஓட்டு இல்லையே என்றானாம் அவன். கூட்டம் சிரித்தது. சீட்டுப் போய்விட்டது.

"இதைத் தின்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்காக அழுகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

அரிசியை மறுபடி டப்பாவில் அள்ளிப்போட்டு என் பக்கம் தள்ளினார்.

"மேடையில் காட்ட வேண்டுமே, சார்?"

"நான் மேடையில் நிறையக் காட்டியாயிற்று. நீ எனக்குக் குழந்தையைக் காட்டு. நானும் வருவேன்."

7

துரை வந்த அன்று கட்டடமே எங்கள் ஒற்றை அறையிலும் வராந்தாவிலும் இருந்தது. பூட்ஸைக் கீழேயே கழற்றிவிட்டு வந்தார். மணையில் உட்காரச் சொன்னோம். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

கோமதி மாமிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "மிலேச்ச தேசத்து அரிசியாச்சேடி, குழந்தைக்கு மொதல் அன்னமா குடுக்கலாமோ?"

"மாமி, நீங்க ராத்திரி சாப்பிட்ட சப்பாத்தி எந்த தேசத்துக் கோதுமைன்னு நெனச்சேள்?"

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். ஆனால் உலை கொதித்து வாசனை வந்ததும் கதவோரம் நின்று மூக்கை இழுத்தாள், நான் பார்த்தேன்.

ராமநாதன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நெய் விட்டுக் குழைத்த சாதத்தை விரல் நுனியில் எடுத்து வாயில் வைத்தார். சீனு முகத்தைச் சுளித்தான். தூ என்று துப்பிவிட்டான்.

நான் முந்தானையால் அவன் வாயைத் துடைத்தேன். துரை மெதுவாக, "குர்ராபினும் முதலில் இதைத்தான் செய்தது" என்றார். நான் தமிழில் சொன்னதும் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் ராமநாதன் இரண்டாவது முறை வைத்தார். சீனு நாக்கைச் சுழற்றினான், விழுங்கினான், இன்னும் என்று வாயைத் திறந்துகொண்டு அப்பா கையில் அடித்தான். என் பிள்ளை சோறு தின்றுவிட்டான். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக பம்பாயில் யாரும் இருந்திருக்க முடியாது.

பானையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆளுக்கு ஒரு சின்ன உருண்டை, பட்டாணி அளவுதான் வரும். ராமநாதன் கொடுக்க ஆரம்பித்ததும் கைகள் நீண்டன. வராந்தாவில் இருந்தவர்களும், பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்களும், மாமியும், எல்லாரும் உள்ளங்கையை நீட்டினார்கள்.

துரையோடு வந்த சுடலைமுத்து மாடிப்படியிலேயே நின்றுகொண்டார். கூப்பிட்டதற்கு, "நான் இங்கனயே நிக்கேம்மா" என்றார். துரை எழுந்து போய் அவருடைய முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தார். துரைக்கு எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது. தெரிந்த நாங்கள் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சுடலைமுத்து உருண்டையை வாயில் போட்டுவிட்டு மெல்லாமலே இருந்தார்.

"என்ன, சுடலைமுத்து?"

"மென்னா தீந்துருமேம்மா."

துரை இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கட்டடத்துப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். முயலைப் பற்றியே சட்டசபையில் பேசித் தள்ளிய மனிதர். எழுந்து நின்று, சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். வாயைத் திறந்தார். நீட்டியிருந்த கைகளைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இவர்களைத்தான் அந்தக் கூட்டத்தில் அவன் காட்டச் சொன்னான்."

8

புஸ்தகத்தை முழுக்கத் திருப்பி டைப் அடித்தேன். மிஸ்டர் ராய்ஸ் எல்லாம் அரிசியாயிற்று. யுத்தம் முடிந்து துரை ஊருக்குப் போய்விட்டார். அவ்வப்போது அட்டை வரும். 'ராய்ஸ் சௌக்கியம்' என்று முடியாத அட்டை கிடையாது. அந்த டப்பாவில் இப்போது கடுகு வைத்திருக்கிறேன். சுயராஜ்யம் வந்துவிட்டது, ரேஷன் போகவில்லை. யாருக்காக ஒரு பிடி அரிசிக்கு அலைந்தேனோ அந்தப் பிள்ளை பாவ் கேட்கிறான்.

இந்தத் தடவை மேடையில் துரை எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒரு கட்டடமே பட்டாணி அளவு சோற்றுக்குக் கையை நீட்டியதென்று. யார் நம்புவார்கள்? வெயில் அதிகம் பட்டுவிட்டது என்று சிரித்திருப்பார்கள். தோற்றால் தோற்றுப் போகட்டும், அது அவர் தொழிலில் உண்டு. அவரைப் பொய்யர் என்று நினைத்தார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதை எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டு டைப் மிஷினை இழுத்து, இங்கிலீஷில் இப்படி அடித்தேன்:

"குர்ராபின் தொகுதி வாக்காளர்களுக்கு. கீழே கையெழுத்துப் போட்டிருக்கும் நாங்கள் பம்பாய் மாட்டுங்காவிலும் தாராவியிலும் குடியிருப்பவர்கள். கிடைத்தால் மூன்று வேளையும் அரிசி தின்கிறவர்கள். கார்மடி சொன்னது உண்மை. நாங்கள் கையை நீட்டினோம்."

ராமநாதன் ரயில்வே பாணியில் கையெழுத்துப் போட்டார். கோமதி மாமி தமிழில், ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். சேதி தெரிந்து தாராவியிலிருந்து சுடலைமுத்து வந்து போட்டார். தன் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயர் என்று மாமி பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டாள்.

"நானும் போடறேன்" என்று சீனு பேனாவைப் பிடித்தான்.

"சாதம் சாப்பிடறவாதான் இதுல போடலாம்."

அவன் தட்டைப் பார்த்தான். காலையில் போட்ட சாதம் அப்படியே இருந்தது. "ஒண்ணே ஒண்ணு. பஸ், போறும்" என்றான். ஒரு கவளம் உருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, கையை நிஜாரில் துடைத்துவிட்டு, இங்கிலீஷில் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதினான்.

எழுதிய கையைச் சரியாகத் துடைக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டது. தட்டிவிடப் போன கையை இழுத்துக்கொண்டேன். அப்படியே மடித்துக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன்.